தண்டனை முடிந்து வந்திருக்கிறேன். வேலை கேட்கும் இடத்தில் சொல்வதா, வேண்டாமா?

நொய்யல் மணல்
செவ்வாய், இரவு 10.20

வணக்கம். இரண்டு மாதமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதற்கு இன்றுதான் தைரியம் வந்தது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 39 வயது. காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். 2017ல் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த சமயம், யாருக்கு எத்தனை மணி நேரம் மடை திறப்பது என்று ஒருவரோடு வாக்குவாதம். பங்காளி, எனக்கு அண்ணன் முறை. விடிகாலை நேரம், இரண்டு பேரும் தூங்கவில்லை. பேச்சு முற்றி, கையிலிருந்த மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டேன். ஒரே அடி, தலையில் பட்டது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொல்ல நினைக்கவில்லை என்பது உண்மை. அடித்தது நான் என்பதும் உண்மை. அவருக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 304 பாகம் இரண்டில் (கொலை நோக்கம் இல்லாமல் மரணம் விளைவித்தது) 2019 ஆகஸ்டில் ஏழு வருடத் தண்டனை. மேல்முறையீடு போகவில்லை. தண்டனைக் குறைப்பு போக ஐந்தரை வருடம் கோவை சிறையில் இருந்துவிட்டு 2025 தொடக்கத்தில் வெளியே வந்தேன். உள்ளே மூன்று வருடம் தையல் பிரிவில் வேலை. அதற்கு முன்பே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (ஓரத்தை வெட்டித் தைக்கும் மிஷின்) ஓட்டிய அனுபவமும் உண்டு. மனைவி திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போகிறார். மகள் எட்டாவது. ஒரு லைன் வீட்டில் மூன்று பேரும் இருக்கிறோம்.

இரண்டு இடத்தில் வேலைக்குப் போனேன். முதல் இடம் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. விண்ணப்பத்தில் 'குற்ற வழக்கு ஏதும் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்றும் எழுதாமல் விட்டேன். கூப்பிட்டுக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். 'போன் பண்றோம்' என்றார்கள். போன் வரவில்லை.

இரண்டாவது சின்ன யூனிட். 'இத்தனை வருஷம் எங்கே வேலை பார்த்தீங்க' என்று கேட்டார்கள். கேரளா என்று சொல்லிவிட்டேன். தைத்துக் காட்டினேன், அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் போனேன். பத்தாம் நாள் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கைமடி (டெய்லருக்கு உதவியாள்) வேலைக்குச் சேர்ந்தான். என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீ நேரத்தில் அவன் யாரிடம் பேசினாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று தோன்றியது. கை ஓடவில்லை. துணி இரண்டு தடவை கத்தியில் வெட்டுப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு என்று வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை. ஒன்பது நாள் சம்பளத்தையும் வாங்கவில்லை.

என் கேள்வி இதுதான். சொன்னால் வேலை இல்லை. சொல்லாவிட்டால் வேலை இருக்கிறது, ஆனால் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. என்ன செய்வது?

தாமரைக்குளம்
செவ்வாய், இரவு 11.45

வணக்கம். நான் கீழமை நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். மனசு சம்பந்தப்பட்டதை மற்றவர்கள் எழுதட்டும்.

தனியார் வேலையில், கேட்காத இடத்தில் நீங்களாகப் போய் 'எனக்குத் தண்டனை ஆனது' என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் கேட்ட இடத்தில் பொய் எழுதினால் அந்தப் பொய்யே உங்களை வேலையிலிருந்து எடுக்கப் போதுமான காரணம். அரசு வேலை பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016ல் இதைத் தெளிவாக்கியது. கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும். மறைத்தது தெரிந்தால், குற்றம் எவ்வளவு பெரியது, எந்த வேலை என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கலாம். உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொன்னால் வேலை நிச்சயம் என்று நான் பொய்யான நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டுச் சேர்ந்த வேலையை, 'மறைத்தாய்' என்று சொல்லி யாரும் பறிக்க முடியாது.

சில கதவுகள் சட்டப்படியே மூடியவை, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். உரிமம் வாங்கிய செக்யூரிட்டி நிறுவனத்தில் காவலாளி வேலை கிடையாது. 2005ஆம் வருடச் சட்டம் தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது என்கிறது. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை என்றால் வங்கியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு அப்படிப்பட்ட குற்றத்தால் வரும் தடை, விடுதலையாகி இரண்டு வருடம் ஆனதும் நீங்கிவிடும். என் தொழிலுக்கே அவ்வளவுதான் கணக்கு. ஒரு பனியன் கம்பெனி அதற்கு மேல் தள்ளி வைக்க என்ன நியாயம் என்று எனக்கும் புரியவில்லை.

வெளியே வந்த அன்றே ஓட்டுரிமை திரும்பிவிடும். சிறைக்குள் இருக்கும்போதுதான் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் பெயர் நீங்கியிருந்தால் படிவம் 6 கொடுங்கள். பாஸ்போர்ட்டும் முடியாத காரியம் இல்லை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை ஆகியிருந்தால்தான் அந்தப் பிரிவில் மறுப்பார்கள். உங்களுக்குத் தண்டனை 2019 ஆகஸ்டில். அந்த ஐந்து வருடம் 2024லேயே முடிந்துவிட்டது. காவல் துறை அறிக்கை வரும், படிவத்தில் உண்மையை எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த ஒன்பது நாள் சம்பளம் உங்கள் உழைப்பு. போய் வாங்குங்கள்.

மேட்டுத்தெரு
புதன், காலை 6.50

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகள் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் போகிறாள். பக்கத்து மிஷினில் உட்காருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இல்லையா? நீங்கள் மனம் திருந்தியவராக இருக்கலாம். எழுதுவதைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் எழுத்தை வைத்து ஒரு தகப்பன் எப்படி நம்புவது? இதைச் சொல்லாமல் எல்லோரும் ஆறுதல் மட்டும் சொன்னால் அது உங்களுக்கும் உதவாது.

பவர் டேபிள்
புதன், பிற்பகல் 2.10

மேட்டுத்தெரு ஐயா கேட்டதற்கும், தம்பி கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். திருப்பூரில் 22 மிஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். இருபது வருடமாக ஆள் எடுக்கிறேன்.

பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு பையர் ஆடிட் வரும். ஒவ்வொரு ஆளுக்கும் ஃபைல் இருக்கும், காகிதம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அந்த ஹெச்.ஆர். ஆளுக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இருந்திருக்காது. முடிவெடுக்கிற அதிகாரம் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான். அந்த வாசலில் முதலில் போய் நின்றதே தப்பு. எங்களை மாதிரி கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுக்கு வர வேண்டும். இங்கே முதலாளியே கட்டிங் டேபிள் பக்கத்தில் நிற்பார். நேராக முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

இரண்டு வருடம் முன்னால் ஒருவர் வந்தார். பேட்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர். உட்காரும் முன்னாலேயே, 'அண்ணா, நான் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த ஆளு. திருட்டு கேஸ் இல்லீங்க, அடிதடி. வேற யாராச்சும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஒரு வாரம் பாருங்க, சரியில்லைன்னா சம்பளம் வேண்டாம், போயிடறேன்' என்றார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். அன்று ராத்திரி வீட்டில் இதைப் பற்றிப் பேசினேன். மறுநாள் வரச்சொன்னேன். ஒரு வாரச் சம்பளத்தையும் கொடுத்தேன். உழைத்ததுக்குக் கூலி இல்லை என்று சொல்ல நான் யார்?

ஐயா, உங்கள் மகள் விஷயத்தில் நானும் தகப்பன்தான். அவரை ராத்திரி ஷிஃப்டில் போடவில்லை, முதல் ஆறு மாதம் பகல் மட்டும். என் கண் எதிரில் இருக்கும் மிஷினில் உட்கார வைத்தேன். அவரிடமும் காரணத்தைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். மற்ற டெய்லர்களிடம் நான் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து அவரே ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னாராம். யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. வேறு யூனிட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் யூனிட்டில் இப்படித்தான் நடந்தது.

தம்பி, சொல்லாமல் போன ஆளை முதலாளி மறுபடி எடுப்பது கஷ்டம். மதியத்தில் காணாமல் போனால் அன்றைக்கு லைன் நின்றிருக்கும். அதற்காகவாவது போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற காக்கி
புதன், இரவு 9.05

சிறைத்துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் எட்டு வருடம் கோவையில்.

மனு பார்க்க (உள்ளே இருப்பவரைச் சந்திக்க) வந்த குடும்பங்களைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். முதல் வருடம் மாதம் இரண்டு தடவை வருவார்கள். மூன்றாம் வருடம் தீபாவளிக்கு மட்டும். அப்புறம் யாரும் வரமாட்டார்கள். விடுதலையாகும் நாளில் கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் நிற்கிறதா இல்லையா என்பதை வைத்தே, இவர் திரும்ப வருவாரா மாட்டாரா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் சரியாக இருக்கும். உங்கள் மனைவி காத்திருந்திருக்கிறார். அது பெரிய விஷயம்.

கோவை சிறைக்கு வெளியே பெட்ரோல் பங்க் இருக்கிறது. புழலிலும் வேலூரிலும்கூட உண்டு. சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்துவது. அங்கே நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகள்தான் பெட்ரோல் போடுகிறார்கள், காசும் வாங்குகிறார்கள். ஊர் ஜனம் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு போகிறது. சிறைச் சந்தையில் கைதிகள் சுட்ட பிரட்டைப் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதே ஆள் தண்டனை முடித்து வெளியே வந்து வேறு ஒரு பங்க்கில் வேலை கேட்டால் கிடைப்பதில்லை. இதைப் பணியில் இருந்தபோது மேலதிகாரிகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது. தையல் பிரிவில் மூன்று வருடம் வேலை செய்ததற்குச் சிறை நல அலுவலர் மூலமாகச் சான்று கேட்டு வாங்குங்கள். அதில் சிறை என்றுதான் இருக்கும், இருந்தால் இருக்கட்டும். நீங்கள்தான் சொல்லப்போகிறீர்களே, சொல்லும்போது கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலர் இருப்பார், போய்ப் பாருங்கள். விடுதலையான கைதிகளுக்கு உதவுவதற்கென்றே ஒரு சங்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இங்கே இருக்கிறது. சுயதொழிலுக்குச் சின்ன உதவி கேட்க அதே அலுவலரே வழி சொல்வார். பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

கோவை சிறையில் நெடுநாள் இருந்தவனுக்கு வ.உ.சி. நினைப்பு வராமல் இருக்காது. அவர் இழுத்த செக்கைப் பார்த்துக்கொண்டே டூட்டிக்குப் போயிருக்கிறேன். உங்களை அவரோடு ஒப்பிடவில்லை. அவர் செய்தது தேசத்துக்காக. ஆனால் 1912 டிசம்பரில் வெளியே வந்த பிறகு அவர் பட்ட பாடு, வெளியே வருகிற எவருக்கும் தெரிந்த பாடு. வக்கீல் சன்னது (தொழில் செய்யும் உரிமம்) பறிபோயிருந்தது. கப்பல் விட்டவர் மண்ணெண்ணெய் வியாபாரம் பார்த்தார். சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தொழிலைத் திரும்பக் கொடுத்தவரை ஒரு மனிதர் எந்த இடத்தில் வைத்திருந்தார் என்று பாருங்கள்.

ராத்திரி இட்லி
புதன், இரவு 11.58

இப்போதுதான் வண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். தம்பி, நானும் உள்ளே இருந்தவன்தான். 326ல் (ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்திய வழக்கு) நாலு வருடம், பாளையங்கோட்டை சிறை. வெளியே வந்து ஆறு வருடம் ஆகிறது.

நான் முதலில் மறைத்தேன். சென்னையில் ஒரு குடோனில் வேலை, எட்டு மாதம். நல்ல பெயர், சூபர்வைசர் ஆக்கப்போகிறோம் என்றார்கள். ஆக்கும் முன்னால் யாரோ என் பெயரையும் அப்பா பெயரையும் இணையத்தில் போட்டுத் தேடியிருக்கிறார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பு அப்படியே வந்துவிட்டது. பெயர், ஊர், நான் என்ன செய்தேன், காயத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்பது வரைக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். அந்த மேஜையை இன்னும் மறக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே கணக்கு முடித்துவிட்டார்கள். எட்டு மாதத்தில் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. வேலை போன அன்று ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினேன்.

அப்புறம் ஊருக்கே வந்து தள்ளுவண்டி போட்டேன். முதல் 18,000 ரூபாய் அக்கா வளையலை அடகு வைத்துக் கொடுத்தது. முதல் ராத்திரி 62 இட்லி விற்றது. எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் மீதியை நாங்கள்தான் இரண்டு நாள் உப்புமா செய்து சாப்பிட்டோம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அப்போது வருடத்துக்கு நூறு ரூபாய் கட்டினேன். தெருவோர வியாபாரிகளுக்கு 2020ல் வந்த கடனில் முதல் தவணை 10,000 வாங்கினேன். வழக்கு இருக்கிறதா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கஷ்டம் போலீஸ் பக்கம் இருந்து வந்தது. ஏரியாவில் ஏதாவது நடந்தால் ராத்திரி ரோந்து வண்டி என் கடை முன்னால் நிற்கும். குற்ற நடைமுறைச் சட்டம் 110ல் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவோம் என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள். வக்கீல் வைத்து, தொழில் செய்கிற காகிதம், கடன் புத்தகம், பக்கத்துக் கடைக்காரர்கள் கையெழுத்து எல்லாம் காட்டிய பிறகு விட்டார்கள். அதனால் சொல்கிறேன், எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதே. சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பிள்ளையின் பள்ளி ரசீது எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். யார் கையில் சம்பளம் வாங்குகிறாயோ அவரிடம் மட்டும் சொல்.

தாமரைக்குளம்
வியாழன், காலை 8.15

மேலே சொன்ன 110, இப்போது புதிய சட்டத்தில் 129ஆவது பிரிவு. பிணை கேட்டு அழைப்பாணை வந்தால் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். என்ன காரணம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும்.

இணையத்தில் தீர்ப்பு கிடப்பது பெரிய வேதனை. முழுமையாக விடுதலையான ஒருவரே தன் பெயரை நீக்கக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2021ல் மறுக்கப்பட்டு, 2024ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். அந்த உத்தரவையும் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. விடுதலையானவருக்கே இந்த நிலை என்றால், தண்டனை பெற்றவர் அந்தப் பக்கம் இப்போதைக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை என்று இங்கிலாந்தில் 1974லேயே சட்டம் போட்டார்கள். இங்கே பெரியவர்களுக்கு அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. வர வேண்டும் என்பது என் ஆசை.

எடிசன் வாசி
வியாழன், காலை 10.40

நான் நியூ ஜெர்சியில் கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் மேனேஜர். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தையே வைக்கக் கூடாது என்று இங்கே ஒரு இயக்கம் நடந்தது. தனியார் முதலாளிகளுக்கும் சேர்த்து 1998ல் முதலில் செய்தது ஹவாய். அப்புறம் எங்கள் மாநிலம் உட்படப் பல இடங்களில் வந்தது. மத்திய அரசு வேலைகளுக்கு 2019ல் சட்டமானது. கேள்வி ஒழிந்துவிடவில்லை, தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. முதலில் ஆளைப் பார், வேலை தெரியுமா என்று பார், அப்புறம் பழையதைக் கேள் என்பதுதான் யோசனை. நான் நேர்முகத்தில் ஒருவரோடு அரை மணி நேரம் பேசி, பிடித்துப்போன பிறகு அவர் வழக்கைக் கேட்டால், அது அவருடைய வாழ்க்கையில் ஒரு பகுதியாகத் தெரிகிறது. முதலிலேயே கட்டத்தில் டிக் பார்த்திருந்தால் அந்தத் தாளைத் தள்ளி வைத்திருப்பேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், முன்பு தள்ளி வைத்தும் இருக்கிறேன்.

தேனி அம்மா
வியாழன், மாலை 4.30

இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே கேட்கிறேன். என் மகனை 17 வயதில் ஒரு திருட்டு வழக்கில் பிடித்தார்கள். இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்தது. இப்போது 22, பாலிடெக்னிக் முடித்துவிட்டான். கம்பெனிப் படிவத்தில் என்ன எழுதுவது? அவன் வேலைக்கே போக மாட்டேன் என்கிறான்.

தாமரைக்குளம்
வியாழன், மாலை 5.05

அம்மா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் நிலைமை முற்றிலும் வேறு. 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் 24ஆவது பிரிவைப் பாருங்கள். சிறுவராக இருந்தபோது நடந்தது பிறகு எந்தத் தகுதியிழப்பையும் கொண்டுவரக் கூடாது. குறிப்பிட்ட காலம் போனதும் பதிவேடுகளையே அழிக்க வேண்டும் என்கிறது. 16 வயதுக்கு மேல், மிகக் கொடிய குற்றத்தில், பெரியவர் போல விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விலக்கு. திருட்டு அதில் வராது. சிறுவயதில் நடந்ததை வைத்து வேலையை மறுக்கக் கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மகனை என்னிடம் பேசச் சொல்லுங்கள், தனிச் செய்தி அனுப்புகிறேன்.

சித்திரை
வெள்ளி, அதிகாலை 1.20

இரண்டு நாளாக இதைத் திறந்து திறந்து மூடுகிறேன். என் அப்பாவை நிலத் தகராறில் ஒருவர் வெட்டிக் கொன்றார். எனக்கு அப்போது 11 வயது. அவர் ஒன்பது வருடம் கழித்து வந்து, எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை போட்டார். இன்றைக்கும் நான் ஒரு நிறுத்தம் தள்ளி நடந்து போய்த்தான் பஸ் ஏறுகிறேன்.

அந்த மனிதர் பிழைக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அவர் பிள்ளைகள் பட்டினி கிடந்தால் என் அப்பா திரும்ப வரப்போவதில்லை. ஆனால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அம்மா காலில் விழுந்துவிட்டார். எல்லோரும் பெரிய மனசு என்று பேசினார்கள். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. மன்னிக்கிறேன் என்று சொல்லாவிட்டால் ஊர் கண்ணுக்கு அம்மா கெட்டவள். சொன்னால் தன் கண்ணுக்கே கெட்டவள். அப்படி ஒரு இடத்தில் அவளை நிறுத்த அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

நொய்யல் அண்ணா, நீங்கள் எழுதியதில், அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று ஒரு வரி இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் போகாதீர்கள். அவர்கள் கேட்காமல் மன்னிப்பும் கேட்காதீர்கள். ஆனால் ஒன்றை விசாரியுங்கள். எந்தத் தண்ணீருக்காகச் சண்டை வந்ததோ, அந்த முறை இப்போது அந்த அம்மாவுக்குக் கிடைக்கிறதா? எங்கள் வீட்டில் ஆம்பிளை இல்லை என்று எங்கள் மடையை ஊரில் ஒருவரும் திறந்துவிடவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம், அப்புறம் விற்றோம்.

மேட்டுத்தெரு
வெள்ளி, காலை 7.30

சித்திரை அம்மா, படித்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பவர் டேபிள் அண்ணா, நீங்கள் சொன்ன பகல் ஷிஃப்ட், கண் எதிரில் மிஷின் என்ற ஏற்பாடு எனக்கு ஒப்புக்கொள்ளக் கூடியதாக இருக்கிறது. என் மகளிடமும் இதைப் படிக்கக் கொடுத்தேன். 'வேலை தெரிஞ்ச ஆளா இருந்தா சரிப்பா, முதலாளிக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்' என்றாள்.

நொய்யல் மணல்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.45

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒவ்வொருவர் எழுதியதையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

முதலில் அந்தப் பழைய யூனிட்டுக்குப் போனேன். வாசலில் கால் மணி நேரம் நின்றேன். முதலாளி பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். நோட்டைத் திறந்து ஒன்பது நாள் கணக்குப் பார்த்து முழுசாகக் கொடுத்தார். 'ஜெயிலுக்குப் போனது எனக்குப் பெருசில்லைங்க. கேரளான்னு சொன்னதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது' என்றார். வேலை தரவில்லை. அந்தப் பக்கத்து ஊர்ப் பையன் யாரிடமும் ஒன்றும் சொல்லவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வெளியே வரும்போது அவனே வந்து, 'அண்ணா, நல்லாருக்கீங்களா' என்று கேட்டான்.

அடுத்து மனைவி வேலை பார்க்கும் இடத்து கான்ட்ராக்டர் மூலமாக வேறொரு யூனிட். 14 மிஷின். உட்காரும் முன்னால் சொன்னேன். பவர் டேபிள் அண்ணா எழுதியிருந்த வார்த்தைகளை வீட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. 'ஒருத்தர் என்னால செத்துப்போயிட்டாருங்க, தண்டனை முடிச்சுட்டு வந்திருக்கறேன்' என்று மட்டும்தான் வாயில் வந்தது. சிறைச் சான்றைக் கொடுத்தேன். அந்த அம்மா (யூனிட்டை நடத்துவது ஒரு பெண்) அதை இரண்டு முறை படித்தார். ஒரு பனியன் பாடியைக் கொடுத்து ஓவர்லாக் ஓட்டிக் காட்டச் சொன்னார். கை நடுங்கியது. நூலை லூப்பரில் கோக்க மூன்று தடவை தப்பியது. அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே நின்றார். ஓட்டிய பிறகு தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, 'திங்கக்கிழமை எட்டரைக்கு வாங்க. பகல் மட்டும். பீஸ் ரேட்' என்றார்.

இரண்டு சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிவிட்டேன். முதல் சம்பளத்தில் மகளுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பழைய வங்கிக் கணக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பரிவர்த்தனை இல்லாமல் செயல்படாத கணக்காகக் கிடந்தது. ஆதாரைக் கொடுத்துத் திரும்ப உயிர்ப்பித்தாயிற்று. படிவம் 6 கொடுத்திருக்கிறேன்.

சித்திரை தங்கச்சி, நீங்கள் கேட்டதை விசாரித்தேன். ஊரில் தம்பிதான் எங்கள் நிலத்தைப் பார்க்கிறான். போனில் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அண்ணி இரண்டு வருடமாக முக்கால் நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறாராம். தண்ணீர் விடும்போது ராத்திரி முறை வந்தால் போய் மடை திறக்க ஆள் இல்லை. பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். எங்கள் முறையும் அவர்கள் முறையும் அடுத்தடுத்து. இனி பகல் முறை எங்களுக்கு வரும்போது அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ராத்திரி முறையை நீ எடுத்துக்கொள் என்று தம்பியிடம் சொன்னேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம், வாய்க்கால் கமிட்டிக்காரர் சொல்வது போலவே இருக்கட்டும் என்றேன். தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று கூப்பிட்டு, சரி என்றான்.

அடுத்த தண்ணீர் விடும் தேதி இன்னும் அறிவிக்கவில்லை. அறிவித்ததும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்துவிட்டிருக்கிறார்கள். மனைவி கார்டில் திரும்பச் சேர்க்க என்னென்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.